வேற்றுக்கோளார் படையெடுப்பும் கதைப்பின்னலின் ஓட்டைகளும்
தொலைக்காட்சித் தொடர்கள் சில பற்றிய ஒரு நோக்கு

1

வேற்றுக்கோள்களில் வாழ்வோர் புவிமீது படையெடுப்பதாகக் கூறும் தொலைக்காட்சித் தொடர்களை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வது நமது விமரிசன மரபுக்குச் சற்றுப் புதியது. நாவலுக்கும் சிறுகதைக்கும் கவிதைக்கும் நாம் செலுத்தும் கவனத்தின் சிறு பகுதியைத்தானும் தொலைக்காட்சிக்குச் செலுத்தியதில்லை. ஆயினும் 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, நம் வீடுகளின் மாலைப்பொழுதில் இச்சாதனம் பெற்றுவந்துள்ள இடம் மறுக்கமுடியாதது. இன்று உலகின் எம்மூலையில் தயாரான தொடரையும் கல்முனையிலோ சம்மாந்துறையிலோ வீரமுனையிலோ இருந்து கைத்தொலைபேசியிற் பார்க்கும் நிலை வந்துவிட்டது. இவ்வளவு பரவலாகப் பார்க்கப்படும் ஒன்றைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவது விமரிசகனின் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

இத்தொடர்களைப் பற்றி மாணவர் மத்தியில் எழும் பேச்சு பெரும்பாலும் இரண்டு விடயங்களைச் சுற்றியே அமைகிறது. ஒன்று, கதைப்பின்னலிற் காணப்படும் ஓட்டைகள். மற்றையது, காட்சி வடிவமைப்பின் சிறப்பு அல்லது சிறப்பின்மை. முன்னையதை எள்ளி நகையாடுவதும் பின்னையதை வியந்து பாராட்டுவதும் வழக்கம். இவ்விரண்டும் தனித்தனியே நோக்கப்படவேண்டியவை அல்ல. ஒன்றுக்கொன்று நெருங்கிய தொடர்புடையவை என்பதே இக்கட்டுரையின் கருத்து. விஞ்ஞானத்தில் ஏற்படும் ஓட்டையைப் பார்வையாளன் மன்னிக்கலாம். மனிதரைப் பற்றிய அறிவில் ஏற்படும் ஓட்டையே ஒரு தொடரைப் பொய்யாக்குவது. அவ்வோட்டையை மறைப்பதற்கும் காட்சி வடிவமைப்புப் பயன்படுத்தப்படலாம். மனித உண்மையை வெளிக்கொணர்வதற்கும் பயன்படுத்தப்படலாம். எத்தொடர் எதைச் செய்கிறது என்று காண்பதே நம் பணி.

2

இக்கதை வகையின் தோற்றுவாய் எச். ஜி. வெல்ஸ் 1898 இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' என்ற நாவலாகும். செவ்வாய்க் கோளிலிருந்து வந்தோர் இங்கிலாந்தை அழித்துச் செல்கின்றனர். பீரங்கிகளால் அவர்களைத் தடுக்க முடியவில்லை. இறுதியில் புவியின் நுண்கிருமிகளுக்கு எதிர்ப்பாற்றல் இன்றி அவர்களே மடிகின்றனர். இம்முடிவைக் குறையெனக் கூறுவோர் உளர். மனிதன் எதுவும் செய்யாதிருக்க இயற்கை வந்து காப்பாற்றுவது எளிதான வழி என்பது அவர்கள் வாதம். ஆனால் நாவலின் முதல் வாக்கியத்திலேயே, நீர்த்துளி ஒன்றிலுள்ள நுண்ணுயிர்களை மனிதன் நுணுக்குக்காட்டியில் ஆராய்வது போல மனிதரை வேற்றுக்கோளார் கூர்ந்து நோக்கினர் என்ற ஒப்புமையை வெல்ஸ் வைத்துவிடுகிறார். கடைசியில் வெல்வது அந்நுண்ணுயிரே. தொடக்கத்தில் விதைக்கப்பட்டது முடிவில் விளைகிறது. எனவே இதனை ஓட்டை எனல் பொருந்தாது. கதைப்பின்னலின் ஓட்டை என்பது நடைமுறையில் நிகழமுடியாத ஒன்றைக் கூறுவதன்று. கதை தானே வகுத்துக்கொண்ட நியதியைத் தானே மீறுவதாகும்.

வெல்ஸின் நாவல் இன்றும் நிலைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஐரோப்பியக் குடியேற்றக்காரர் தஸ்மேனியப் பழங்குடியினரை அழித்தொழித்ததை அவர் முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டுகிறார். பேரரசின் தலைநகரில் வாழ்ந்த வாசகரை, பேரரசால் நசுக்கப்பட்டோரின் இடத்தில் நிறுத்தி அச்சங்கொள்ளச் செய்ததே நாவலின் சாதனை. மூன்று கால்களில் உயர்ந்து நடக்கும் பொறிகளும் அந்நோக்கிலிருந்து எழுந்தவையே. கீழே ஓடுவோரைக் குனிந்து பார்க்கும் உயரம் அவற்றுக்கு உண்டு. ஆளுவோனுக்கும் ஆளப்படுவோனுக்கும் இடையிலான தொலைவே அவ்வடிவத்தில் உருப்பெற்றுள்ளது.

3

தொலைக்காட்சிக்கு வருவோம். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1963 டிசம்பரில் முதன்முதல் தோன்றிய டலெக்குகள் இவ்வகைக் காட்சி வடிவமைப்பின் முன்னோடி எனத்தகும். எழுதியவர் டெரி நேஷன். உருவத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் கியூசிக். குறைந்த செலவில் வேற்றுலக உயிரைப் படைக்க முனைவோர் மனிதனுக்கு வேடமிட்டு நிறுத்துவதே வழக்கம். கியூசிக் அவ்வாறு செய்யவில்லை. கால்களோ முகமோ இன்றி, நிலத்தில் வழுக்கிச் செல்லும் கூடொன்றை அவர் அமைத்தார். உள்ளே மனிதன் இருக்கிறான் என்பதைப் பார்வையாளன் மறக்கும்படி அவ்வுருவம் அமைந்தது.

1964 இன் இறுதியில் ஒளிபரப்பான ஆறு பகுதிகளைக் கொண்ட கதையில் டலெக்குகள் இலண்டனைக் கைப்பற்றியிருக்கின்றன. அவற்றின் திட்டம் விந்தையானது. புவியின் நடுக்கருவைத் தோண்டி அகற்றிவிட்டு, அவ்விடத்தில் இயந்திரமொன்றைப் பொருத்தி, புவியையே கப்பல்போல அண்டவெளியிற் செலுத்துவது அவற்றின் எண்ணம். விண்வெளியைக் கடந்துவரும் ஆற்றல் படைத்தோர் சுரங்கம் வெட்ட மனித அடிமைகளை நாடுவது ஏன்? ஏற்கெனவே வேண்டிய இடத்துக்குச் செல்ல வல்லோருக்குக் கோளொன்று வாகனமாவது எதற்கு? விடையில்லை. படியேற மாட்டாத டலெக்குகள் உலகை வென்றது எவ்வாறு என்ற நகைச்சுவையும் நெடுங்காலம் வழங்கிவந்தது. 1988 இல் ஒரு கதையில் டலெக் படிக்கட்டில் மேலெழுந்து மிதந்துவருவதாகக் காட்டி அதற்கும் பதிலிறுத்தனர்.

இத்துணை ஓட்டைகள் இருந்தும் அக்கதை மனத்திற் பதிவது எவ்வாறு? ஆளரவமற்ற இலண்டன் வீதிகளிலும் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலும் டலெக்குகள் உலாவும் காட்சி, போர் முடிந்து இருபது ஆண்டுகளும் நிறையாத ஒரு நாட்டில், நாசிகள் கடல்கடந்து வந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்ற அச்சத்துக்கு வடிவம் கொடுத்தது. அதனினும் முக்கியமானது சிறிய காட்சியொன்று. காட்டிடைக் குடிசையில் வாழும் பெண்கள் இருவர், தம்மிடம் அடைக்கலம் புகுந்தோரைக் காட்டிக்கொடுத்து, அதற்கு விலையாக உணவு பெறுகின்றனர். அவர்களைக் கொடியோராக அக்கதை சித்திரிக்கவில்லை, பசித்தோராகவே காட்டுகிறது. புவியை ஓட்டிச் செல்லும் திட்டத்தை நாம் நம்பாவிடினும் அக்குடிசையை நம்புகிறோம்.

4

அமெரிக்காவில் 1967-68 இல் ஒளிபரப்பான 'த இன்வேடர்ஸ்' தொடரில் வடிவமைப்பு வேறொரு திசையிற் செல்கிறது. இங்கு வேற்றுலகத்தார் மனித உருவிலேயே நம்மிடையே வாழ்கின்றனர். டேவிட் வின்சென்ட் என்ற கட்டடக் கலைஞன் ஒருவனே ஆரம்பத்தில் உண்மையை அறிவான். அவன் கூறுவதை எவரும் நம்புவதில்லை. ஏன் நம்புவதில்லை என்ற கேள்விக்குத் தயாரிப்பாளர் கண்ட விடை திறமையானது. வேற்றுலகத்தார் இறந்தவுடன் செந்நிறமாக ஒளிர்ந்து மறைந்துவிடுவர். சான்றாக எஞ்சுவது சாம்பலே. காட்சி வடிவமைப்பே கதையின் ஓட்டையை அடைத்துவிடுகிறது.

அவர்களை அடையாளங்காண ஒரு குறியும் உண்டு. அவர்களுட் பலருக்குச் சுண்டுவிரல் மடங்காது விறைத்து நிற்கும். முழு மனித உடலையும் படைக்க வல்லோர் ஒரு விரலைச் சீராக்க முடியாதிருந்தது ஏன் என்று கேட்பது எளிது. ஆனால் இதனினும் பெரிய வினா ஒன்று உண்டு. அயலவனின் விரலைப் பார்த்து அவன் மனிதன்தானா என ஐயுறும் பழக்கத்தை இவ்வடிவமைப்புப் பார்வையாளனிடத்து வளர்க்கிறது. கம்யூனிஸ்டுகள் எங்கும் ஊடுருவியுள்ளனர் என்ற பீதி ஓயாதிருந்த அமெரிக்கச் சூழலோடு இவ்வகைக் கதைகளைப் பலர் தொடர்புபடுத்தியுள்ளனர். சுண்டுவிரல் விறைத்த ஓர் அப்பாவி மனிதனுக்கு என்ன நேரும் என்பதே அத்தொடரின் அடிப்படை எழுப்பும் கேள்வி. அதனை மையமாக்கியிருப்பின் தொடர் வேறொரு தளத்துக்கு உயர்ந்திருக்கும்.

இதனை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரே மொழி பேசி, ஒரே நீர்ப்பாய்ச்சலில் வயல் செய்து, ஒரே சந்தையில் விற்றும் வாங்கியும் வாழ்ந்த மக்கள், உடையையும் நெற்றியையும் தொப்பியையும் பேச்சில் வந்த ஒரு சொல்லையும் கொண்டு தரம்பிரிக்கப்பட்ட காலமொன்று இக்கரையோரத்துக்கு உண்டு. 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். ஒன்பது நாள்கள் கழித்து, அதே மாதம் 12 ஆம் திகதி, வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தோர் கொல்லப்பட்டனர். இவ்விரண்டையும் சேர்த்தே நினைவிற்கொள்ளும் வாசகனுக்கு, மனித முகத்தின் பின்னே மனிதனல்லாத ஒன்று ஒளிந்திருக்கிறது என்று கற்பிக்கும் கதை வெறும் கற்பனையாகத் தோன்றாது. அயலவனை அந்நியனாக்கும் சிந்தனையின் முதற்படி அதுவே.

5

மேற்கூறிய ஆபத்தையும் அதனைத் தாண்டும் வழியையும் ஒருங்கே காட்டுவது 1983 மே மாதத்தில் அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் இரு பகுதிகளாக ஒளிபரப்பிய 'வீ' என்ற தொடராகும். எழுதி இயக்கியவர் கென்னத் ஜோன்சன். அமெரிக்காவில் பாசிசம் எவ்வாறு வரக்கூடும் என்பதைச் சித்திரிக்கும் சிங்கிளெயர் லூவிஸின் 1935 ஆம் ஆண்டு நாவலே அவருக்குத் தூண்டுதலாயிற்று. பின்னரே படையெடுப்பாளர் வேற்றுலகத்தாராக மாற்றப்பட்டனர்.

உலகின் பெருநகரங்களின்மேல் ஐம்பது மாபெரும் கலங்கள் வந்து நிற்கின்றன. வந்தோர் மனிதரைப் போலவே உளர், நட்புப் பாராட்டுகின்றனர், தம் உலகைக் காக்க இரசாயனப் பொருள் ஒன்று தேவை என்கின்றனர். உண்மையில் அவர்கள் செயற்கைத் தோல் போர்த்த ஊர்வன இனத்தார். புவியின் நீரைக் கொள்ளையிடுவதும் மனிதரை உணவாகக் கொண்டுசெல்வதுமே நோக்கம்.

விஞ்ஞானக் கண்கொண்டு நோக்கின் இக்கதை கந்தலாகிவிடும். நீர் அண்டவெளியில் அரிய பொருளன்று. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவிலும் வால்வெள்ளிகளிலும் பனிக்கட்டியாக அது நிறைந்துகிடக்கிறது. புவியின் ஈர்ப்பை எதிர்த்து நீரை மேலேற்றுவதைவிட அங்கிருந்து அள்ளுவது எளிது. வேறொரு கோளில் தோன்றிய உயிருக்கு மனிதச் சதை உணவாகப் பொருந்துவதும் ஐயத்துக்குரியது. 1984 இல் வந்த தொடர்ச்சியில் மனிதப் பெண்ணுக்கும் ஊர்வன இனத்தானுக்கும் குழந்தை பிறப்பது உயிரியலுக்குச் சற்றும் ஒவ்வாதது.

எனினும் 1983 இன் முதற்படைப்பைத் தூக்கி நிறுத்துவது காட்சி வடிவமைப்புக்கும் மனித உண்மைக்கும் இடையிலான இசைவாகும். வந்தோரின் செந்நிறச் சீருடையும் சுவஸ்திகாவை நினைவூட்டும் சின்னமும், அவர்கள் யார் என்பதைத் தோல் உரிக்கப்படுமுன்னரே அறிவித்துவிடுகின்றன. முதலில் வேட்டையாடப்படுவோர் விஞ்ஞானிகள். அவர்கள் சதிகாரர் எனத் தொலைக்காட்சிச் செய்தி கூறுகிறது, அயலார் நம்புகின்றனர். விஞ்ஞானி ஒருவரின் குடும்பத்துக்கு அடைக்கலம் கொடுப்பதா என்ற கேள்வி பெர்ன்ஸ்டீன் குடும்பத்தில் எழுகிறது. யூதப் பேரழிவில் உயிர் தப்பிய முதியவர் அடைக்கலம் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறார். மகன் அஞ்சுகிறான். வந்தோரின் இளைஞர் அணியிற் சேர்ந்துவிட்ட பேரனே இறுதியில் காட்டிக்கொடுக்கிறான். ஒரே வீட்டில் வாழும் மூன்று தலைமுறையினருள் ஒரு சமுதாயத்தின் முழு நோயும் அடங்கிவிடுகிறது. நீரைப் பற்றிய கணக்குப் பிழைத்தாலும் இந்த வீட்டைப் பற்றிய கணக்குப் பிழைக்கவில்லை.

1984 இன் தொடர்ச்சியில் இது தலைகீழாகிறது. ஜோன்சன் கருத்து வேறுபாட்டால் விலகிக்கொண்டார். முடிவில் அக்கலப்புக் குழந்தை, முன்னர் ஆயத்தஞ் செய்யப்படாத மாய ஆற்றலால் புவியை அழிக்கவிருந்த கருவியை நிறுத்திவிடுகிறது. வெல்ஸின் நுண்ணுயிரோடு இதனை ஒப்பிடின் ஓட்டை எது, ஓட்டையல்லாதது எது என்பது தெளிவாகும். மனிதர் தாமே தீர்க்கவேண்டிய சிக்கலை மாயம் தீர்த்துவைத்தது. திரையில் பரவிய ஒளிவெள்ளம் அந்தக் குறையைப் போர்த்தியது.

6

இப்பொருள் பற்றி ஆராயும் நாம் நம் நாட்டையும் மொழியையும் மறந்துவிடலாகாது. 1956 இல் இலங்கைக்கு வந்து 2008 இல் கொழும்பிற் காலமாகும் வரை இங்கேயே வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், அதற்கு மூன்றாண்டுகள் முன்னர் வெளியிட்ட 'சைல்ட்ஹூட்ஸ் எண்ட்' நாவலில், போரின்றி நிகழும் ஒரு படையெடுப்பைச் சித்திரித்தார். வந்தோர் ஐம்பது ஆண்டுகள் தம் உருவத்தை மறைத்தே ஆளுகின்றனர். வெளிப்படும்போது அவர்கள் கொம்பும் சிறகும் வாலும் உடைய சாத்தான் வடிவினராய் உளர். இங்கு உருவமே கதையின் புதிர். அப்புதிருக்கு நாவல் தன் நியதிக்குள்ளேயே விடையும் தருகிறது. மனித குலம் அவ்வுருவத்துக்கு அஞ்சியது பழைய நினைவால் அன்று. தன் எதிர்கால முடிவைப் பற்றிய முன்னுணர்வால். 2015 டிசம்பரில் இது மூன்று பகுதிகளாகத் தொலைக்காட்சிக்கு வந்தபோது, சார்ள்ஸ் டான்ஸ் நடித்த கரெலன் பாத்திரத்தின் ஒப்பனை பாராட்டுக்குரியதாய் அமைந்தது. ஆனால் நாவலில் ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாய் இருந்த மனிதர் தொடரில் அமெரிக்க விவசாயி ஆக்கப்பட்டார். உலகமே ஆளப்படுவதாகக் கூறும் கதையில் உலகம் ஒரு பண்ணை வீட்டளவுக்குச் சுருங்கிற்று.

கிளார்க்கின் தூண்டுதலோடு சத்யஜித் ராய் 1967 இல் எழுதிய 'த ஏலியன்' திரைக்கதை படமாக்கப்படாமலே போயிற்று. அதில் விண்கலம் இறங்குவது வங்கக் கிராமமொன்றின் தாமரைக் குளத்தில். நீருக்குமேல் தெரியும் அதன் உச்சியைக் கண்ட ஊரார், மூழ்கிக்கிடந்த கோயிலொன்று மேலெழுந்ததாகக் கருதி வழிபடத் தொடங்குகின்றனர். காட்சி வடிவமைப்பு மக்களின் வாழ்வோடு இணைந்து கதையை நகர்த்தும் முறைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்பது அரிது. புதியதொன்றைக் காணும் சமுதாயம் தான் ஏற்கெனவே அறிந்ததைக் கொண்டே அதனைப் புரிந்துகொள்ளும் என்ற உண்மை, ஒரு கூம்பு வடிவத்தில் அடங்கிவிட்டது.

தமிழில் 1963 இல் ஏ. காசிலிங்கம் இயக்கி எம். ஜி. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' திரைப்படத்தையும் இங்குக் குறிப்பிடலாம். கலைகளிற் பின்தங்கிய வேற்றுக்கோளார் பறக்கும் தட்டில் வந்து இசையும் நடனமும் அறிந்த பெண்ணைக் கவர்ந்து செல்கின்றனர். வேற்றுலகத்தார் தமிழ் பேசுவது நகைப்புக்கிடமானது எனச் சிலர் கூறலாம். 'வீ' தொடரில் அவர்கள் ஆங்கிலம் பேசுவதை எவரும் நகைப்பதில்லை. நீரையும் பொன்னையும் நாடி வருவோரே மிகுந்த இக்கதை வகையில், கலையை நாடி வந்தோரைக் கற்பனை செய்தது நம் திரையுலகின் தனித்தன்மை. ஆனால் அந்தக் கற்பனை, பழைய இளவரசி கடத்தற்கதையின் சட்டத்துக்குள் அடைபட்டு வளராது நின்றுவிட்டது.

7

இத்தொடர்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஓட்டை ஒன்று எஞ்சியுள்ளது. பொது எதிரி வந்ததும் மனித குலம் தன் பகைகளை மறந்து ஒன்றுபட்டுவிடும் என்பது அவை கேள்வியின்றி ஏற்கும் நம்பிக்கை. நாடுகளின் கொடிகளை வரிசையாகக் காட்டி, பல இனத்து முகங்களை அடுத்தடுத்து ஒளிரச் செய்து, எழுச்சிமிக்க இசையைச் சேர்த்துவிட்டால் ஒற்றுமை பிறந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. எவ்வாறு பிறந்தது என்ற கேள்வியைக் காட்சி விழுங்கிவிடுகிறது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது, இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என அடுத்தடுத்துக் கிடந்த தமிழ், முஸ்லிம் ஊர்களை அலை வேறுபடுத்திப் பார்க்கவில்லை. முதல் நாள்களில் மக்களும் வேறுபாடு பார்க்கவில்லை. பிணங்களை எடுத்தோரும் சோறு சமைத்தோரும் இன்னார்க்கெனச் செய்யவில்லை. அந்த ஒற்றுமை மெய்யானது. ஆனால் நிவாரணமும் காணியும் நிர்வாகமும் பேச்சுக்கு வந்தபோது நிலை மாறிற்று. 2005 ஜூனில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பில் முஸ்லிம்கள் கைச்சாத்திடும் தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய ஏற்பாடுகளை இடைநிறுத்தியது. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்கு வழங்குவது என்ற வழக்கின் விளைவாக ஆண்டுக்கணக்கில் குடியிருப்பாரின்றிக் கிடந்தன. பொதுப் பேரிடர் மனிதரை ஒன்றாக்கும் என்பது பாதி உண்மை. ஒன்றானவர் பங்கீட்டின்போது என்ன செய்வர் என்பது மறுபாதி. நாடகத்துக்குரிய பொருள் அம்மறுபாதியிலேயே உள்ளது.

அமெரிக்காவில் 2016 முதல் 2018 வரை வந்த 'கொலனி' தொடர் இதனை ஓரளவு உணர்ந்தது. அதில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் பெருஞ்சுவர்களாற் பிரிக்கப்பட்டுள்ளது. படையெடுத்தோர் திரையில் அரிதாகவே தோன்றுகின்றனர். சோதனைச் சாவடியில் நிற்போரும் அனுமதிச்சீட்டு வழங்குவோரும் மனிதரே. பிரிந்துபோன மகனைத் தேடும் தந்தை ஆட்சியாளரோடு ஒத்துழைக்க நேர்கிறது. தாயோ இரகசியமாக எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்தவள். வேற்றுலகத்தாரைக் காட்டாது சுவரைக் காட்டியதே அத்தொடரின் சிறந்த வடிவமைப்பு. மூன்றாம் பருவத்தோடு கதை முற்றுப்பெறாது நிறுத்தப்பட்டது. விடையிறுக்கப்படாத கேள்விகள் பல. ஆயினும் சாவடியில் வரிசையில் நின்று பழகிய நம்மவர், அச்சுவரின் இருபுறத்து மனிதரையும் விளக்கமின்றியே அறிந்துகொள்வர்.

8

இதுகாறும் நோக்கியவற்றால் சில முடிவுகளுக்கு வரலாம். கதைப்பின்னலின் ஓட்டைகளைக் கணக்கெடுப்பது விமரிசனத்தின் தொடக்கமே. எந்த ஓட்டை, எதைப் பற்றியது, எதனால் மறைக்கப்பட்டது என்று அடுத்து வினவவேண்டும். டலெக்குகளின் சுரங்கமும் 'வீ' தொடரின் நீரும் விஞ்ஞானப் பிழைகள். அவற்றைத் தாண்டியும் அக்கதைகள் மனிதரை அறிந்திருந்தன. பகைவனை ஒரு விரலால் அடையாளங்காட்டுவதும், கொடி வரிசையால் ஒற்றுமையைப் படைப்பதும் பார்ப்பதற்கு ஓட்டைகளாகத் தோன்றுவதில்லை. அவையே கூடிய தீங்கு விளைப்பன.

ஈழத்துத் தமிழில் இவ்வகை நாடகம் எழுதப்படுமாயின், அதனை எழுதுவோர் விண்கலத்தின் செலவுக்கு அஞ்சவேண்டியதில்லை. ராய்க்கு ஒரு குளம் போதுமாயிருந்தது. வானத்தில் ஒரு கலம் தோன்றிய மறுநாட் காலை, சம்மாந்துறையில் ஒருவரும் வீரமுனையில் ஒருவரும் வயலுக்குச் செல்லும் வழியிற் சந்தித்தால் முதலில் என்ன பேசுவர் என்பதைப் பிழையின்றி எழுதத் தெரிந்தால் போதும். அந்த உரையாடலை எழுதும் ஆற்றலும் துணிவும் நம் மாணவ எழுத்தாளருக்கு உண்டு என்றே நம்புகிறோம்.